ஒரே ஒரு ‘மா’: நீங்கள் மாட்டிக்கொண்ட கதை என்ன?

நானே ஆரம்பிக்கிறேன். மகள் திருக்குறள் படித்துக்கொண்டிருந்தாள். ‘மயிர்நீப்பின் வாழாக் கவரிமா’ என்று வாசித்துவிட்டு, “கவரிமான்தானே அப்பா, ‘ன்’ எங்கே போச்சு?” என்று கேட்டாள். அச்சுப்பிழை என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, அகராதியைப் பார்த்தேன். மா என்றாலே விலங்குதானாம். ‘ன்’ விழவில்லை, நாம்தான் இத்தனை நாளாகச் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அரிமா என்று சிங்கத்தைச் சொல்கிறோமே, அதே மா.

அப்புறம் அகராதியை மூட முடியவில்லை. மாமரம், குதிரை, திருமகள், பெரிய, மாவு என்று போய்க்கொண்டே இருந்தது. நிலக் கணக்கிலும் ஒரு மா உண்டு: 20 மா சேர்ந்தால் ஒரு வேலி. பின்னத்தில் மா என்றால் இருபதில் ஒன்று. மகள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்போ மாமா என்றால் பத்தில் ஒன்றா?” என்றாள். கணக்கு சரி. மறுக்க முடியவில்லை.

வேறு மொழிகளில் இந்த மாவிடம் சிக்கியவர்கள் சொல்லுங்கள்.

*

நான் இரண்டு முறை சிக்கியிருக்கிறேன் அண்ணா.

முதல் முறை சீன வகுப்பில். குரலை உயரத்தில் சமமாக நிறுத்தினால் அம்மா, கீழிருந்து ஏற்றினால் சணல், தாழ்த்தி எழுப்பினால் குதிரை, மேலிருந்து வெடுக்கென்று இறக்கினால் திட்டு. வாக்கியத்தின் கடைசியில் லேசாகச் சொன்னால் அது கேள்வி, நம் ‘வந்தானா’வில் வரும் ‘ஆ’ மாதிரி. ஆசிரியர் ஒவ்வொன்றுக்கும் காற்றில் கையால் கோடு போட்டுக் காட்டுவார். நாங்களும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வோம். கையை மடியில் வைத்தால் தொனி போய்விடும். எழுத்தில் இன்னும் வேடிக்கை. பெண்ணுக்கான குறியையும் குதிரைக்கான குறியையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் அம்மா. குதிரை அங்கே ஒலிக்காக மட்டும்தான் நிற்கிறது, வேறு அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது, தெற்கு வியட்நாமில் ஒரு தோழியின் வீட்டில். அந்தப் பக்கம் அம்மாவுக்கும் மா என்றுதான் பெயர், குரலை மட்டும் மேலே ஏற்ற வேண்டும். நான் சீன வகுப்பின் பழக்கத்தில் ஏற்ற இறக்கம் இல்லாமல் அழகாக ஒரு மா போட்டேன். வியட்நாமிய மொழியில் அந்தச் சமமான மாவுக்குப் பேய் என்று பொருள். வாசலில் நின்றுகொண்டு அவருடைய அம்மாவைப் பேயே என்று கூப்பிட்டிருக்கிறேன். அவர் சிரித்த சிரிப்பில்தான் எனக்கு உயிரே வந்தது. அதே மொழியில் கல்லறை, குதிரை, ஆனால், நெல் நாற்று எல்லாமே மாதான், தொனி மட்டும் வேறு வேறு. நாற்று அங்கே மா, நிலம் இங்கே மா! தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

*

என்னுடையது சின்னக் கதை. கூட வேலை பார்த்த இத்தாலியப் பெண்மணி, நான் எதைச் சொன்னாலும் “ஸி, மா…” என்று இழுப்பார். என்ன பாசமாக ‘மா’ போட்டுப் பேசுகிறார் என்று ஒரு மாதம் உருகிப்போயிருந்தேன். இத்தாலிய மொழியில் மா என்றால் ‘ஆனால்’. அந்த மாதம் முழுக்க நான் சொன்ன ஒன்றையும் அவர் ஏற்கவில்லை.

*

யாழ்ப்பாணத்துக்காரருக்கு மா எண்டால் முதலில் மாவுதான். அகராதியில் தேடத் தேவையில்லை. :)

*

அரபியில் மா என்றால் ‘என்ன’. சில இடத்தில் அதே மா ‘இல்லை’ என்றும் ஆகிவிடும். கேள்வியா மறுப்பா என்று தெரியாமல் நான் தலையை மட்டும் ஆட்டிய நாட்கள் உண்டு.

*

ஜப்பானிய மா-வை யாரும் சொல்லவில்லையே? அது இடைவெளி. இரண்டு பொருளுக்கு நடுவே இருக்கும் இடம், இரண்டு பேச்சுக்கு நடுவே வரும் மௌனம், இரண்டும் அதுதான். எழுதும்போது கதவின் நடுவே சூரியனை வரைகிறார்கள்; பழைய வடிவத்தில் சூரியன் இருக்கும் இடத்தில் நிலா இருந்தது. இதை எனக்குச் சொன்னவர் சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பதில் வேண்டுமாக்கும் என்று நான் அவசரமாக ஏதோ உளறினேன். “இப்போது நீங்கள் நிரப்பினீர்களே, அதுதான்” என்றார். முட்டாளுக்கு அவர்கள் சொல்லும் ‘மாநுகே’ என்ற சொல்லைப் பிரித்தால் ‘மா விட்டுப்போனவன்’ என்று வரும். அன்றைக்கு அது நான்தான்.

*

எல்லா ஊரிலும் அம்மாவுக்கு ‘ம’ வருவது ஏன் என்று ரோமன் யாகப்சன் என்ற மொழியியலாளர் எழுதியிருக்கிறார். பால் குடிக்கும் குழந்தை வாயை எடுக்காமல் மூக்கால் முனகுகிறது, அதுதான் ‘ம’ என்பது அவர் சொன்ன காரணம். ஆனால் ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா! அம்மாவுக்கு ‘தேதா’. அந்த ஊர்க் குழந்தை ஒன்று “மாமா, மாமா” என்று அழுதபோது நான் பக்கத்தில் நின்ற அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் திரும்பி உள்ளே பார்த்துக் கணவரைக் கூப்பிட்டார்.

*

ஆரம்பித்தவன் மறுபடியும். இந்த ஜார்ஜியக் கதையை மகளிடம் சொன்னது தப்பாகப் போய்விட்டது. நேற்று முழுக்க என்னை மாமா என்றே கூப்பிட்டாள். வீட்டுக்கு வந்திருந்த என் மைத்துனர் ஒவ்வொரு தடவையும் “என்னம்மா?” என்று எழுந்து வந்தார்.