பைக்கில் கூடுதல் எல்.இ.டி. விளக்கு: 40 வாட் இல்லாவிட்டால் கண்ணில் படாதா?

பொருநைக்கரையான்:
நேற்று இந்த மன்றத்தின் இன்னொரு விவாதத் திரியில் வள்ளியூர்க்காற்று ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்கிறார். பைக்கில் கூடுதல் எல்.இ.டி. மாட்டுவதென்றால் 40 வாட் மாட்ட வேண்டுமாம். அதற்குக் குறைந்ததெல்லாம் வெறும் அலங்காரமாம், எதிரே வருகிறவன் கண்ணில் படாதாம். அதை நம்பி ஒரு கல்லூரி மாணவர், "நாளைக்கே வாங்குகிறேன் அண்ணாச்சி" என்று பதில் போட்டிருக்கிறார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

வாட் என்பது விளக்கு இழுக்கும் மின்சாரத்தின் கணக்கு. வெளியே வரும் ஒளியை லூமனில் அளக்கிறோம். நூறு சிசி பைக்கில் வரும் 35 வாட் ஹாலஜன் பல்பு, ஹைபீமில் எண்ணூறு லூமன் அளவுதான் தரும். நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 100 லூமன் தருகிறது. எட்டு வாட்டிலேயே இரண்டும் சமமாகிவிடும்போது நாற்பது எதற்கு?

அதைவிட, விளக்கு எங்கே இருக்கிறது என்பதைப் பாருங்கள். இருட்டில் ஒற்றை விளக்கு எதிரே வந்தால், அது நூறு அடியில் வருகிறதா நானூறு அடியில் வருகிறதா என்று கண்ணால் பிரித்தறிவது கடினம். லெக் கார்டின் இரண்டு ஓரங்களிலும் தாழ்வாக ஒவ்வொரு சிறிய விளக்கை வைத்தால், முகப்பு விளக்கோடு சேர்ந்து ஒரு முக்கோணம் கிடைக்கிறது. வண்டி நெருங்க நெருங்க அந்த முக்கோணம் விரிகிறது. எதிரே வருகிறவர் அந்த விரிவைக் கொண்டுதான் நம் வேகத்தையும் தூரத்தையும் கணிக்கிறார். இதற்கு ஓர் ஓரத்துக்கு ஐந்தாறு வாட் தாராளம்.

வள்ளியூர்க்காற்று:
என் பெயரைப் போட்டே திரி தொடங்கியாயிற்று. நல்லது. நான் இரவு வேலை முடித்து நாங்குநேரி சுங்கச்சாவடியைத் தாண்டி நான்குவழிச் சாலையில் வீடு திரும்புகிறவன். நடுத்தடுப்பு இடைவெளியில் லாரி திரும்ப நிற்கும்போது, ஐந்து வாட்டை வைத்துக்கொண்டு அவரிடம் உங்கள் முக்கோணக் கணக்கை விளக்க நேரம் இருக்காது. 40 வாட் மாட்டிய பிறகு ஒரு லாரிகூட என் குறுக்கே திரும்பியதில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

பொருநைக்கரையான்:
ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஒன்றுக்கு நாற்பதா, ஜோடிக்கு நாற்பதா?

பாளை ஒயரிங்:
இருவரும் சண்டையைக் கொஞ்சம் நிறுத்துங்கள். டப்பாவில் 40 என்று அச்சடித்திருப்பதை யார் அளந்து பார்த்தீர்கள்? எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 14 வோல்ட் இருக்கும். 40 வாட் என்றால் ஏறக்குறைய மூன்று ஆம்பியர் போக வேண்டும். மீட்டரைத் தொடரில் வைத்தால் ஒன்றரை ஆம்பியரைக்கூடத் தாண்டாத விளக்குகள் என் மேசைக்கு எத்தனையோ வந்திருக்கின்றன. மலிவு விளக்குகள் முதல் சில நிமிடம் பளிச்சென்று எரியும், சூடேறியதும் மங்கிவிடும். பின்னால் அலுமினியத் தகடு கனமாக இருக்கிறதா என்று கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று. முகப்பு விளக்கின் ஒயரைச் சீவி அதிலேயே முறுக்கிவிடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பேட்டரியிலிருந்து தனி ஒயர், அதன் தொடக்கத்திலேயே ஃபியூஸ், நடுவில் ரிலே, அதாவது சிறு மின்னோட்டத்தில் இயங்கிப் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். ஹேண்டிலில் இருக்கும் சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்க வேண்டும். இப்படிச் செய்யாமல் ஒயரிங் கருகி வருகிற வண்டிகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

வள்ளியூர்க்காற்று:
என்னுடையது அசல் 40. உங்கள் மேசைக்கு வரும் சரக்கை வைத்து என் விளக்கை எடை போடாதீர்கள்.

கடையம்காரன்:
எல்லோரும் வாட்டையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். நிறத்தை ஒருவரும் பேசவில்லை. ஆனி, ஆடிச் சாரலில் எங்கள் பக்கம் வந்து பாருங்கள். வெள்ளை விளக்கைப் போட்டால் எதிரே ஒரு வெள்ளைச் சுவர்தான் தெரியும். மஞ்சள்தான் சாரலைக் கிழித்துக்கொண்டு போகும். 40 வாட் வெள்ளையைவிட 10 வாட் மஞ்சள் மேல்.

பொருநைக்கரையான்:
கிழித்துக்கொண்டெல்லாம் போகாது கடையம்காரரே. மழைத்துளியும் மூடுபனித் துளியும் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை. அந்த அளவில் மஞ்சள், வெள்ளை இரண்டும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் சிதறும். மஞ்சளில் நீலப் பங்கு குறைவு என்பதால் கண்கூச்சம் குறைவதாகப் பலருக்குத் தோன்றுகிறது, அதை மறுக்கவில்லை. 1993 வரை பிரான்ஸில் கார்களின் முகப்பு விளக்கு மஞ்சளாகவே இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. பிறகு அதையும் விட்டுவிட்டார்கள். நீங்கள் சொல்லும் வெள்ளைச் சுவர், விளக்கு உங்கள் கண் மட்டத்துக்கு அருகில் இருப்பதால் வருவது. தாழ்வாக வைத்தால் பாதி தொல்லை தீரும்.

ஆனால் மஞ்சளுக்கு ஒரு தகுதி உண்டு. வெள்ளை விளக்குகளோடு வரும் கார் வரிசையின் நடுவே இரண்டு மஞ்சள் புள்ளிகள் தனித்துத் தெரியும். அதற்காக மஞ்சள் போடுங்கள், எனக்கும் சம்மதம். சாரலைக் கிழிக்கும் என்று மட்டும் எழுதாதீர்கள்.

வள்ளியூர்க்காற்று, இன்னும் பதில் வரவில்லை. ஒன்றுக்கா, ஜோடிக்கா?

கடையம்காரன்:
பிரான்ஸில் சாரல் எப்படி அடிக்கும் என்று எனக்குத் தெரியாது. தென்காசிச் சாரல் எப்படி அடிக்கும் என்று எனக்குத் தெரியும். திருநெல்வேலி டவுனில் உட்கார்ந்துகொண்டு எங்களுக்கு மழை கற்றுத்தர வேண்டாம்.

பொருநைக்கரையான்:
2019 நவம்பர் வரை நீங்களும் திருநெல்வேலி மாவட்டம்தான். மாவட்டம் பிரிந்ததும் மழைத்துளியின் அளவும் மாறிவிட்டதா?

கடையம்காரன்:
இந்தப் பேச்சுக்காகத்தான் பிரிந்தோம். போன வருடம் செயின் எண்ணெய்த் திரியிலும் இதே தொனிதான்.

அம்பைச்சாலை:
நான் கார் ஓட்டுகிறவன். உங்கள் விளக்கை எதிரிலிருந்து வாங்கிக்கொள்கிறவன். பிசானம் அறுப்புக் காலத்தில் வீரவநல்லூர்ப் பக்கம் சாலையோரத்தில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் பின்விளக்கு இல்லாமல் நின்றது. எதிரே ஒரு பைக், நெஞ்சு உயரத்தில் இரண்டு கண்கூசும் விளக்குகள். பைக் எங்கே இருக்கிறது என்றும் தெரியவில்லை, டிராக்டர் இருப்பதும் தெரியவில்லை. பிரேக்கை மிதித்து நிறுத்தியதால் தப்பினோம். உங்களைப் பார்க்கட்டும் என்று மாட்டிய விளக்கு, உங்களையே மறைத்துவிடுகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வள்ளியூர்க்காற்று:
அந்தப் பிரிவு பதிவுச் சான்றிதழில் இருக்கும் விவரங்களை மாற்றக் கூடாது என்கிறது. என் பதிவுச் சான்றிதழில் விளக்கு பற்றி ஓர் எழுத்தும் இல்லை. மேலும், உங்கள் கண் கூசியது என்றால் பைக்கை நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்று அர்த்தம். 40 வாட் வேலை செய்கிறது என்பதற்கு நீங்களே சாட்சி.

அம்பைச்சாலை:
வெளிச்சத்தைப் பார்த்தேன். வண்டியைப் பார்க்கவில்லை. இந்த வேறுபாடு புரியாதவர் இரவில் வண்டி எடுக்கவே கூடாது.

பொருநைக்கரையான்:
இதைத்தான் முதல் பதிவிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களில் முகப்பு விளக்கு பகலிலும் அணையாமல் எரிய வேண்டும் என்று விதி வந்தது. சாலைக்கு வெளிச்சம் காட்டவா அந்த விதி? பட்டப்பகலில் எதற்கு வெளிச்சம்? வண்டி கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான். 1981-இல் கலிபோர்னியாவில் வெளிவந்த ஹர்ட் அறிக்கை லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்தது. அதிலும் இதே செய்திதான்: குறுக்கே திரும்பிய கார்க்காரர்கள் பைக்கைப் பார்க்கவே இல்லை, அல்லது மிகத் தாமதமாகப் பார்த்தார்கள். பகலில் விளக்கு எரிய விட்டவர்களுக்கு ஆபத்து குறைவு. அந்த விளக்குகளில் யாரும் 40 வாட் எல்.இ.டி. வைத்திருக்கவில்லை.

இன்னும் ஒன்று. பக்கவாட்டிலிருந்து வருகிறவருக்கு முன்விளக்கு எத்தனை வாட் இருந்தும் பயன் இல்லை. முன் ஃபோர்க்கிலும் பின்சக்கர மறைப்பிலும் ஒளிதிருப்பும் பட்டை ஒட்டுங்கள். விளக்கின் கோணத்தைச் சரிபார்க்கும்போது வண்டியில் ஏறி உட்கார்ந்து பாருங்கள். பின்னால் வழக்கமாக உட்காருகிறவரையும் ஏற்றிக்கொள்ளுங்கள். பின்பாரம் ஏறினால் முன்பக்கம் தூக்கும், விளக்கும் மேலே பார்க்கும். வீட்டுச் சுவரில் தனியாக நின்று சரிசெய்த கோணம், மனைவியும் அரிசி மூட்டையும் ஏறியதும் எதிரே வருகிறவர் கண்ணுக்குப் போய்விடும்.

ஒன்றுக்கா, ஜோடிக்கா?

வள்ளியூர்க்காற்று:
கலிபோர்னியா, பிரான்ஸ் எல்லாம் சுற்றிவிட்டு வந்துவிட்டீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் இரவில் ஒருநாள் ஓட்டியிருக்கிறீர்களா? பைக் தன் தடத்தில் நிற்காது. அங்கே எதிரே வருகிறவன் அரை கிலோமீட்டர் தூரத்திலேயே என்னைப் பார்த்தாக வேண்டும். 40 வாட். முடிந்தது.

பாளை ஒயரிங்:
பழைய நூறு சிசி வண்டியில் ஒன்றுக்கு 40 வீதம் இரண்டு மாட்டினால் 80 வாட். டவுன் நெரிசலில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது அந்த வண்டியின் சார்ஜிங் அதற்கு ஈடுகொடுக்காது, பேட்டரி இறங்கிக்கொண்டே போகும். உங்களுக்கு அப்படி ஆகவில்லை என்றால் உங்களுடையது ஜோடிக்கு நாற்பதுகூட இல்லை.

வள்ளியூர்க்காற்று:
என் பேட்டரி நன்றாக இருக்கிறது. விளக்கும் 40 வாட்தான். டப்பா வீட்டில் இருக்கிறது, படம் போடுகிறேன்.

பொருநைக்கரையான்:
டப்பா படம் வேண்டாம், மீட்டர் படம் போடுங்கள். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவாருங்கள், எல்லோர் முன்னிலையிலும் அளப்போம்.

வள்ளியூர்க்காற்று:
சந்தேகம் உங்களுக்கு. வள்ளியூருக்கு நீங்கள் வாருங்கள். அதுவும் இரவில் வாருங்கள், உங்கள் ஐந்து வாட்டோடு.

கடையம்காரன்:
யார் எங்கே போனாலும் மஞ்சளையும் அளந்து பாருங்கள்.