ஓரங்களை வெட்டி கிராப் செய்ததும் படம் பளிச்சென்று ஆனது, ஆனால் ஏதோ ஒன்று போய்விட்டது. எதை வைப்பது?

படிக்கட்டு_வெளிச்சம்:

வணக்கம் நண்பர்களே. ஒரே படத்தை வைத்துக்கொண்டு சில நாளாக முடிவெடுக்க முடியாமல் இருக்கிறேன், உங்கள் கண்ணும் கொஞ்சம் வேண்டும்.

படிக்கட்டில் ஓர் அப்பா இரண்டு படி கீழே குந்தி மகளுக்கு ஷூ லேஸ் கட்டிவிடுகிறார். மகளுக்கு ஐந்து ஆறு வயது இருக்கும். விழாமல் இருக்க ஒரு கையால் அப்பாவின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்திருக்கிறாள், ஆனால் பார்வை அவர்மேல் இல்லை, வலது மேல் மூலையில் உள்ள ஜன்னல் பக்கம் இருக்கிறது. வெளிச்சம் முழுக்க அங்கிருந்துதான் வருகிறது. இடது கீழ் மூலையில் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம். எடுக்கும்போதே அது கண்ணில் பட்டது, நகர்ந்து நின்றால் அந்தக் கணம் போய்விடும் என்று அப்படியே எடுத்தேன்.

இப்போது என்னிடம் இரண்டு வடிவங்கள். முதலாவது முழு ஃபிரேம், கலர், பெரிதாக எதையும் தொடவில்லை. இரண்டாவது சதுரமாக இறுக்கி வெட்டியது: அப்பாவின் கைகள், ஷூ, மகளின் முகம், முடியைப் பிடித்த கை, அவ்வளவுதான். கருப்பு வெள்ளை, கிளாரிட்டி நன்றாக ஏற்றி, ஓரங்களை விக்னெட் போட்டு இருட்டாக்கியிருக்கிறேன். பார்த்தவர்கள் எல்லோரும் இரண்டாவதைத்தான் சட்டென்று சுட்டுகிறார்கள். எனக்கோ மனசு முதலாவதிலேயே நிற்கிறது, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. கலர், கருப்பு வெள்ளை என்பதைத் தாண்டி இங்கே என்ன நடக்கிறது? ரா ஃபைல் (கேமரா பதிந்த மூலக் கோப்பு) இருக்கிறது, 6000 × 4000 பிக்சல்.

சட்டகம்:

கிராப் செய்வதில் தப்பே இல்லை, முதலில் அந்தத் தயக்கத்தை விடுங்கள். 1960-இல் ஹவானாவில் அல்பெர்ட்டோ கோர்டா எடுத்த சே குவேரா படம் உலகமே பார்த்தது. அதன் நெகட்டிவ் கிடைமட்டமானது, ஒரு பக்கம் இன்னொருவரின் முகம், மறு பக்கம் பனை வகை மரத்தின் ஓலைகள். இரண்டையும் வெட்டியதும் அந்த முகம் ஒரு குறிப்பிட்ட நாளின் குறிப்பிட்ட மேடையிலிருந்து பிரிந்து தனியாக நின்றுவிட்டது. இடம் போனது, சின்னம் வந்தது. அந்த வெட்டு இல்லாமல் அது போஸ்டராகியிருக்காது என்பது என் எண்ணம்.

உங்கள் சதுரத்தில் எனக்குக் குறையாகப் படுவது வெட்டிய இடம்தான். இடது ஓரம் அப்பாவின் முழங்கை மூட்டிலேயே விழுகிறது. மூட்டில் வெட்டினால் கை துண்டான மாதிரி தெரியும், மூட்டுக்கு மேலேயோ கீழேயோ கொஞ்சம் தள்ளி வெட்டினால் கண் மீதியைத் தானாகவே நிரப்பிக்கொள்ளும். மற்றபடி இறுக்கமான வடிவத்துக்குத்தான் என் ஓட்டு.

தூரப்பார்வை:

சட்டகம் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன், மீதியை இல்லை. கோர்டா வெட்டியதில் போனவற்றுக்கும் சே பார்க்கும் திசைக்கும் சம்பந்தம் கிடையாது. இங்கே போயிருப்பது அந்தக் குழந்தை பார்க்கும் பொருளே.

முழு ஃபிரேமில் கண் எப்படி நகர்கிறது என்று பாருங்கள். முதலில் வெளிச்சமான ஜன்னல், அங்கிருந்து குழந்தையின் முகம், அப்புறம் அவள் கை வழியாக அப்பாவின் தலை, கடைசியில் லேஸ் கட்டும் விரல்கள். முடிந்ததும் அவள் பார்வையைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஜன்னலுக்கு. ஒரு ஆள் குனிந்து தரையைப் பார்க்கிறார், இன்னொரு ஆள் வெளியே போகத் துடிக்கிறாள், அந்த இழுபறிக்கு நடுவில் ஒரு கொத்து முடி! அதுதான் படம். சதுரத்தில் அவள் பார்வை வலது ஓரத்தில் போய் முட்டி நின்றுவிடுகிறது, எதைப் பார்க்கிறாள் என்றே தெரியாது. பார்ப்பவர்கள் அதைச் சட்டென்று பிடித்துக்கொள்வதற்குக் காரணம் அது சீக்கிரம் புரிந்துவிடுகிறது, அவ்வளவுதான். உங்கள் மனசு முதலாவதில் நிற்பதற்குக் காரணமும் இதே இழுபறிதான் என்று நினைக்கிறேன்.

கிராப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்டியே-பிரெஸ்ஸோன் எடுத்த ஃபிரேமை வெட்டவே கூடாது என்பதில் பிடிவாதமானவர், அவரே 1932-இல் பாரிஸில் தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதிக்கும் ஆளின் படத்தை வெட்டித்தான் வெளியிட்டார், வேலிப் பலகைகளின் இடுக்கு வழியாக எடுத்ததில் பலகையும் ஃபிரேமில் விழுந்துவிட்டது. குறுக்கே நின்றதை எடுத்தார், குதிப்பவருக்கு முன்னால் இருக்கும் தண்ணீரைத் தொடவில்லை.

நீங்களும் அதையே செய்யலாம். இடது பக்கம் மட்டும் 1000 பிக்சல் வெட்டுங்கள், 5000 × 4000 ஆகும், அதாவது 5:4. உயரம் அப்படியே இருப்பதால் ஜன்னல் போகாது. டிரம் கிட்டத்தட்ட முழுசாகப் போய்விடும் என்று நினைக்கிறேன். கூடவே இன்னொரு நன்மை, இப்போது நடுவில் நிற்கும் குழந்தை இடப்பக்கம் ஒதுங்குவாள், அவள் பார்க்கும் திசையில் இடம் அதிகமாகத் தெரியும்.

இருட்டறை:

கிராப் பற்றித் தூரப்பார்வை சொல்லிவிட்டார், நான் எடிட் பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் உங்கள் இரண்டாவது வடிவத்தில் பாதிச் சேதம் அங்கேதான் நடந்திருக்கிறது.

முதலில் விக்னெட். அது நான்கு மூலைகளையும் ஒரே மாதிரி இருட்டாக்கும். உங்கள் படத்தில் வெளிச்சம் வருவதே ஒரு மூலையிலிருந்து. முழு ஃபிரேமில் அதே விக்னெட்டைப் போட்டீர்கள் என்றால் ஜன்னலையே அணைக்கிறீர்கள். சதுரத்திலும் முகம் வலது ஓரத்தில் இருப்பதால், ஜன்னல் வெளிச்சம் படும் கன்னம்தான் மங்கியிருக்கிறது. ஓரம் இருட்ட வேண்டுமானால் இடதுபக்கச் சுவரிலும் கீழ்ப் படிகளிலும் மட்டும் பிரஷ்ஷாலோ கிரேடியன்ட்டாலோ இறக்குங்கள், வெளிச்சம் இயல்பாகக் குறையும் திசை அதுதான்.

அடுத்தது கருப்பு வெள்ளை. அப்பாவின் சட்டை மெரூன், பின்னால் சுவர் பச்சை. கலரில் இரண்டும் அழகாகப் பிரிந்து நிற்கின்றன. கலரை எடுத்ததும் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல், அவர் முதுகு சுவரோடு ஒட்டிக்கொண்டது. அந்த ஒட்டலைச் சரிக்கட்டத்தான் நீங்கள் கிளாரிட்டியை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. கிளாரிட்டியோ நடு டோன்களில், அதாவது ரொம்ப வெளிச்சமோ ரொம்ப இருட்டோ இல்லாத பகுதிகளில், உள்ள சின்னச் சின்ன வேறுபாடுகளைத்தான் கூட்டும், அதனால் சுவரின் காரைத் தழும்புகளும் குழந்தையின் தோலும் ஒரே முரட்டுத்தனத்துக்கு வந்துவிட்டன. கிளாரிட்டியைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, ஒவ்வொரு நிறமும் எவ்வளவு வெளிர் சாம்பலாக வர வேண்டும் என்று தீர்மானிக்கும் பிளாக் அண்ட் ஒயிட் மிக்ஸில் பச்சையைக் கொஞ்சம் ஏற்றிச் சிவப்பை லேசாக இறக்குங்கள், சட்டை இருட்டாகிச் சுவரிலிருந்து தனியாக வரும். சிவப்பை ரொம்ப இறக்கினால் தோலும் கருத்துவிடும், ஆரஞ்சைக் கொஞ்சம் ஏற்றி அதைச் சரி செய்யலாம்.

ஜன்னலில் ஹைலைட்டை (மிக வெளிச்சமான பகுதியை) கீழே இழுத்து, வெளியே என்ன இருக்கிறது என்று காட்டப் பார்க்காதீர்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்று சேனலும் உச்ச அளவான 255-இல் முட்டி முழு வெள்ளையான இடத்தில் மீட்க ஒன்றும் இருக்காது, இழுத்தால் அழுக்குச் சாம்பல்தான் வரும். வெளியே என்ன என்று தெரியாமல் இருப்பது இந்தப் படத்துக்கு நல்லதும்கூட.

எடிட்டைக் கூச்சத்தோடு செய்ய வேண்டியதில்லை. ஆன்சல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்சிகோவில் எடுத்த நிலவு உதிக்கும் படம் எல்லோருக்கும் தெரியும். நெகட்டிவை அப்படியே பிரிண்ட் போட்டால் அந்த வானம் வெளிறிப்போய், மேகக் கீற்றுகளோடு சாதாரணமாக இருக்கும். அவருடைய பின்னாள் பிரிண்ட்களில் வானம் கிட்டத்தட்ட முழுக் கருப்பு, அதனால்தான் கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகள்மேல் விழும் கடைசி வெயில் அப்படி மின்னுகிறது. ஆனால் எங்கே இறக்குவது எங்கே ஏற்றுவது என்பதை அவர் இடம் இடமாகப் பார்த்துச் செய்தார். படம் முழுவதற்கும் ஒரே ஸ்லைடரை இழுப்பது அந்த வேலை ஆகாது.

படிக்கட்டு_வெளிச்சம்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. 5:4 போட்டுப் பார்த்தேன், தூரப்பார்வை சொன்ன இழுபறி இப்போது தெளிவாகத் தெரிகிறது. கலரிலேயே வைக்கப் போகிறேன், சட்டையும் சுவரும் பிரிந்து நிற்பதை விட மனசில்லை. இன்னும் ஒரே ஒரு தொல்லை, டிரம்மின் விளிம்பு ஒரு நீலக் கீற்றாக இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஹீலிங் பிரஷ்ஷால் (பக்கத்துப் பகுதியை வைத்து ஒன்றை மறைக்கும் கருவி) துடைத்துவிடலாமா? ஓர் ஆவணப் புகைப்படப் போட்டிக்கு அனுப்பும் எண்ணம் இருக்கிறது.

நேர்க்கோடு:

வீட்டுச் சுவரில் மாட்டத்தான் என்றால் தாராளமாகத் துடைக்கலாம். போட்டிக்கு என்றால் வேண்டாம்.

டோரதியா லாங்கே 1936-இல் எடுத்த புலம்பெயர்ந்த தாயின் படத்தில், கீழே வலது மூலையில் கூடாரக் கம்பைப் பிடித்திருந்த ஒரு கட்டைவிரல் இருந்தது. பின்னால் அதை ரீடச் செய்து மறைத்தார்கள். படத்தின் பொருள் அதனால் மாறவில்லை என்றாலும் அது சரியா என்ற பேச்சு அப்போதே வந்தது. இன்று நிலைமை இன்னும் கறார். 2003-இல் ஈராக் போரின்போது இரண்டு ஃபிரேம்களை ஒன்றாக ஒட்டி அனுப்பிய புகைப்படக்காரரை லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் வேலையை விட்டே நீக்கியது. உங்கள் நீலக் கீற்று அந்த அளவு விஷயம் இல்லைதான். ஆனால் ஆவணப் பிரிவுகளில் கிராப்பையும் அளவான டோன் மாற்றத்தையும் பொதுவாக ஏற்பார்கள், இருந்த பொருளை அழிப்பதை ஏற்க மாட்டார்கள். கடைசிச் சுற்றில் ரா ஃபைலைக் கேட்டு ஒப்பிடவும் செய்வார்கள்.

துடைக்காமலே தீர்க்கலாம். இடது பக்கம் இன்னும் 80 பிக்சல் எடுங்கள், அதே விகிதம் வேண்டுமானால் அடியிலிருந்து 64 எடுங்கள், படிதானே போகும். 4920 × 3936 மிஞ்சும், 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 16 அங்குல அகலத்துக்கு பிரிண்ட் போடத் தாராளமாகப் போதும். அதிலும் கீற்று கொஞ்சம் மிஞ்சினால் நீலத்தின் சாச்சுரேஷனை (நிறச் செறிவை) மட்டும் இறக்குங்கள், குழந்தையின் உடையில் நீலம் இல்லை என்றால் வேறு எதுவும் மாறாது.