உங்கள் சட்டையை யாராவது திருப்பிப் பார்த்திருக்கிறார்களா?

நல்லூரடி:

போன வருடம் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேரன்று நடந்தது. இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை.

அந்தச் சீசன் முழுக்க ஓர்கன்சா சாறிதான் என்பது எல்லோருக்கும் தெரியும். கொடியேற்றத்துக்கு முதலே கடைகளில் மெல்லிய நிறங்கள் முடிந்துவிட்டன. நானும் புதினா நிறத்தில் ஒன்று எடுத்து, கைக்கு ஆரி வேலை போட்டுச் சட்டை தைப்பித்தேன். சாறி விலையை விடச் சட்டைக்கூலி கூட.

24ஆம் திருவிழா. தேர் இருப்புக்கு வந்த பிறகு மணலில் தங்கச்சியைத் தேடிக்கொண்டு நின்றேன். வெயில் ஏறிவிட்டது, கால் சுட்டது. பூப்போட்ட வாயில் சேலை கட்டிய வயதான ஒருவர் என் கையைப் பிடித்தார். தெரிந்தவராக்கும் என்று சிரித்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. சட்டைக் கையின் விளிம்பை இரண்டு விரலால் மடித்து உள்பக்கத்தைப் பார்த்தார், பெருவிரலால் ஒருமுறை தடவினார்.

“ஆர் பிள்ளை தைச்சது? அரை இஞ்சி கூட விடேல்லையே.”

நான் வாய் திறப்பதற்குள் சனம் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தேன். தையலுக்கு உள்ளே கால் இஞ்சித் துணிதான் விட்டிருந்தது. தை மாதம் மச்சாளின் கலியாணத்துக்கு எடுத்துப் போட்டால் கை ஏறவில்லை. பிரித்து அகட்ட உள்ளே துணி இல்லை. ஒரேயொரு தரம் போட்ட சட்டை. அன்றைக்கே அம்மாவின் பழைய சட்டைகளைப் புரட்டினேன். பக்கத் தையலில் ஒன்றரை இஞ்சி விட்டிருந்தது. ஒரு மெரூன் சட்டையில் பிரித்துத் தைத்த தடம் மூன்று வரி இருந்தது. அண்ணாவுக்குப் பிறகு ஒன்று, எனக்குப் பிறகு ஒன்று, தங்கச்சிக்குப் பிறகு ஒன்று என்று அம்மா விரல் வைத்துக் காட்டினார்.

உங்களுக்கும் இப்படி யாரையாவது சந்தித்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள். என் கையைப் பிடித்த அந்த வயதானவரை யாருக்காவது தெரிந்தாலும் சொல்லுங்கள்.

சுன்னாகம் தையற்கடை:

தங்கச்சி, ஆரிச் சட்டைக்கு நாங்கள் துணியை முதலில் வெட்டுவதில்லை. அளவைத் துணியில் கீறி, சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் வேலை முடித்த பிறகுதான் வெட்டு. படத்தில் உள்ளதுபோல மணி விளிம்புவரை வரவேண்டும் என்று கேட்பார்கள். மணிக்கு மேல் மெசின் ஓடினால் ஊசி முறியும். லைனிங்கும் சேர்ந்தால் சட்டைக்கையின் தையல் தடித்துப்போகும் என்று பலர் ஒட்ட வெட்டிவிடுவார்கள். ஆனால் கக்கத்தின் கீழ் வேலை இல்லாமல் ஒரு இஞ்சி விடலாம், வெளியே தெரியாது. விடாதது தைத்தவரின் பிழைதான்.

என் கதை கலியாணத்தில் உடுத்துகிற கூறைச்சேலையின் சட்டை பற்றியது. ஆடி, ஆவணியில் கனடா, லண்டன் பிள்ளைகள் வந்து இறங்கும்போது எங்களுக்கு நித்திரை கிடையாது. அப்படி வந்த ஒரு பிள்ளை, இந்தி நடிகை அனுஷ்கா சர்மா 2017 டிசம்பரில் கலியாணத்துக்குப் போட்ட, டிசைனர் சப்யசாச்சியின் வெளிர் ரோஜா லெஹெங்காப் படத்தைத் தொலைபேசியில் காட்டினார். அதே நிறத்தில், வெள்ளிச் சரிகையோடு, கூறை சென்னையில் எடுத்தாகிவிட்டது. கூட வந்த அம்மம்மா கதிரையில் இருந்தார். ஒரு சொல் பேசவில்லை. நான் அளவெடுத்து முடித்ததும் எழும்பி வந்து முந்தானையை விரித்துப் பேத்தியின் தோளில் போட்டுப் பார்த்தார். நல்ல வடிவு என்றார். பிறகு பேத்திக்குக் கேட்காமல் என்னிடம், “தம்பி, உள்ளுக்கு லைனிங்கை எண்டாலும் சிவப்பாய்ப் போடுங்கோ” என்றார்.

வெளிர் ரோஜாவுக்குள் சிவப்பு லைனிங் போட்டால் வெளியே அடிக்கும், வியர்வையில் சாயமும் ஊறும். செய்ய முடியவில்லை. அந்தப் பிள்ளையிடம் சொல்லி, கொளுக்கிப் பட்டியின் உள்மடிப்பில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்புப் பட்டு வைத்துக் கையால் தைத்தேன். போட்டுப் பார்க்க வந்த அன்று அம்மம்மாவுக்குச் சுகமில்லை, வரவில்லை. அவர் அதைப் பார்த்தாரோ இல்லையோ எனக்குத் தெரியாது. ஒவ்வொரு கூறைச் சட்டை வெட்டும்போதும் அதுதான் நினைவு.

காரைநகர் மாமி:

தம்பி சொன்னது நெஞ்சைத் தொட்டது. ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். கூறை என்றால் சிவப்பு. தாலியோடு தட்டத்தில் வைத்துச் சபையில் எல்லோரும் தொட்டு ஆசீர்வதித்துக் கொடுக்கிற சேலை அது. பிள்ளை அதை உடுத்திக்கொண்டு திரும்பி மணவறைக்கு வரும்போது, அந்த நிறம் மண்டபத்தின் கடைசி வரிசைவரை தெரியவேண்டும். என் மகளின் கலியாணத்தில் வீடியோக்காரத் தம்பி கமராவை இறக்கிவிட்டுக் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். வெளிர் ரோஜா வரவேற்புக்கு நல்லது. அந்தப் படத்தைக் காட்டுகிற பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள்: அடுத்த வருடமே, 2018இல், நடிகைகள் தீபிகாவும் பிரியங்காவும் கலியாணத்துக்குப் போட்டது அதே சப்யசாச்சியின் சிவப்பு.

பட்டுநூல்:

மாமி, கூறை என்பது நிறத்தின் பெயர் இல்லை. மயிலாடுதுறையில் உள்ள கூறைநாட்டில் நெய்து வந்த சேலை, ஊரின் பெயரையே எடுத்துக்கொண்டது. சிவப்பு மங்கலம்தான், அதை மறுக்கவில்லை. அதற்காக வேறு நிறம் உடுத்த பிள்ளை கூறை உடுத்தவில்லை என்று சொல்லாதீர்கள். என் அக்கா உடுத்தது அரக்கும் பச்சையும்.

என் அனுபவத்துக்கு வருகிறேன். என் கூறைக்காகக் காஞ்சிபுரம் போனோம். தரகர் ஒரு தறிவீட்டுக்குக் கூட்டிப்போனார். கோர்வை நெய்துகொண்டிருந்தார்கள். உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம், ஊடை நூலை ஓட்டுகிற நாடா மூன்று. ஒரு ஆள் போதாது, அதனால் பக்கத்தில் ஒரு பெடியன் இருந்து மூன்றாவது நாடாவை வாங்கித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான். நெசவாளர் நிமிராமலே, “எந்த ஊரும்மா?” என்றார். யாழ்ப்பாணம் என்றதும் தறி நின்றது. “கூறைக்கா?” என்றார். எங்களுடைய சொல்லை அவர் வாயால் கேட்டதும் எனக்கு மேல் சிலிர்த்தது.

அதன் பிறகும் நான் விலை பேசினேன். குறைத்தும் தந்தார். வெளியே வரும்போது அந்தப் பெடியன் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். அந்தப் பார்வைதான் இன்றுவரை குத்துகிறது.

சப்யசாச்சி பற்றியும் ஒரு சொல். 1999இல் கொல்கத்தாவில் தொடங்கியவர், கைத்தறியையும் கைவேலையையும் மணப்பெண்களுக்குத் திரும்பக் கொண்டுவந்தவர். அந்த மதிப்பு எனக்கு உண்டு. ஆனால் 2021 ஆகஸ்டில் எச் அன்ட் எம் என்ற பெரிய உடுப்புக் கம்பனியுடன் சேர்ந்து செய்த உடுப்புகளில் இருந்தது அச்சடித்த துணி. அந்தச் சாறி 9,999 இந்திய ரூபாய். கைவினை அமைப்புகள் அவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதின. கைவேலைக்காரரின் பெயரால் புகழ் பெற்றவர், அந்த வேலையை அவர்களுக்கே கொடுத்திருக்க வேண்டும். ஒரு பெடியனின் கூலியைக் குறைத்துவிட்டு வந்த நான் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

கொடிகாமம்:

டிசைனர் யார் என்று என்னைக் கேட்டால் எங்கள் பெரியம்மா. 90களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் கரண்ட் இல்லை, பொருளாதாரத் தடையால் துணி வராது, வந்தாலும் விலை எட்டாது. பெரியம்மா கால் மெசினில் அம்மாவின் கலியாணச் சேலைகளை வெட்டி எங்களுக்குச் சட்டை தைத்தார். தீபாவளிக்குத் தைத்த ஒன்றில் சரிகைக்கரையை இடுப்பில் பட்டியாக வைத்தார். அடுத்த மாதம் ஒழுங்கை முழுக்க அதே பட்டி. எங்கள் ஊரின் சீசன் டிசைன் அந்தத் திண்ணையில் இருந்துதான் வந்தது.

1995 ஒக்டோபர் கடைசியில் சண்டை நெருங்க, எல்லோரும் ஒரே இரவில் தென்மராட்சிக்கு வெளிக்கிட்டோம். மழை. பெரியம்மா மெசின் தலையை மட்டும் கழற்றிச் சாக்கில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டினார். நாவற்குழிப் பாலத்தில் நகர முடியவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர், “இரும்பை இறக்கிப்போட்டுக் குழந்தையை ஏத்தனை” என்று சத்தம் போட்டார். பெரியம்மா பதில் சொல்லவில்லை. குழந்தையை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு, சைக்கிளை ஒரு கையால் தள்ளினார். அந்த ஆளின் குழந்தை அது. பாலம் முடியும்வரை தூக்கிக்கொண்டு வந்தார்.

கொடிகாமத்தில் ஒரு பலகையில் அந்தத் தலையைப் பூட்டிக் கைபிடி வைத்துத் தைத்தார். எங்கள் சாப்பாடு அதில்தான் வந்தது.

வெள்ளவத்தை வடமராட்சி:

அம்மா கலியாணத்துக்கு முதல் நெசவுச் சங்கத்தில் தறியில் இருந்தவர். கொழும்பில் நான் வேலைக்குச் சேர்ந்த வருடம், காலி வீதியில் உள்ள பெயார்ஃபூட் கடைக்குக் கூட்டிப்போனேன். பார்பரா சன்சோனி 1964இல் தொடங்கியது. கன்னியாஸ்திரிகள் பெண்களுக்கு நெசவு பழக்கிய இடத்துக்கு நிறமும் கோலமும் சொல்லிக்கொடுக்கப் போய், அதிலிருந்து வளர்ந்த கடை. செம்மஞ்சளையும் றோஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிற துணிவு அவருக்கு இருந்தது. கலர் அடிபடும் என்று நாங்கள் ஒதுக்குகிற சோடிகள் அவர் கையில் சேர்ந்து பாடும். 2022இல் காலமானபோது எனக்குச் சொந்தக்காரர் ஒருவர் போன மாதிரி இருந்தது.

அம்மா ஒரு துணியைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஊடையை விரலால் எண்ணினார். நான் குனிந்து பார்த்தால் அவருடைய வலது கால் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. வலது, இடது, வலது. முப்பது வருடம் தறிப்பக்கம் போகாதவர். வாங்கித் தரவா என்று கேட்டேன், வேண்டாம் என்று மடித்து வைத்துவிட்டார். நான் வாங்கியிருக்க வேண்டும். அம்மா இப்போது இல்லை.

இணுவில் அன்ரி:

எல்லாம் வாசித்தேன். நான் ஒரு கலியாண வீட்டில் பிள்ளையின் சட்டைக் கொளுக்கி கழன்று, கூறை மாற்றுகிற அறையில் என் தாலிக்கொடி ஊசியைக் கழற்றிக் கொடுத்தேன். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் பட்டைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே, அதைச் சொல்லிவிடுகிறேன். கோயிலால் வந்தவுடன் சேலையை மடித்து அலுமாரிக்குள் வைக்காதீர்கள். வியர்வை உப்பு சரிகையைக் கறுக்க வைக்கும். ஒரு இரவு நிழலில், காற்றாடிக்குக் கீழே கொடியில் போட்டுவிடுங்கள். வெயிலில் போட்டால் நிறம் போகும். உடுத்த பிறகு சென்ட் அடிக்காதீர்கள், உடுக்க முதல் அடியுங்கள். பாச்சை உருண்டையைச் சரிகையில் படவே விடக்கூடாது. வசம்பையோ காய்ந்த வேப்பிலையையோ சீத்தைத் துணிப் பையில் கட்டி மூலையில் வையுங்கள். சேலையைப் பழைய வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றுங்கள், பொலித்தீன் பையில் வேண்டாம், மாரியில் ஈரம் பிடித்துப் புள்ளி விழும். மூன்று மாதத்துக்கு ஒருக்கால் வெளியே எடுத்து மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த வரியிலேயே பட்டு இற்றுப்போகும், என் அம்மாவின் சேலை அப்படித்தான் நாலு துண்டாய்ப் போனது. கம்பியில் மாதக்கணக்காகத் தொங்கவிடவும் வேண்டாம், பாரத்தில் இழை இழுபடும். ஆரிச் சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பி, மணிக்கு மணி உரசாமல் இடையில் துணி வைத்து மடியுங்கள். அயன் போடுவதென்றால் உள்பக்கத்தால், மேலே துணி விரித்து, சூட்டைக் குறைத்து. அப்புறம், நல்லூரடிப் பிள்ளைக்கு: கை ஏறாத சட்டையை எறிந்துவிடாதீர்கள். சாறியோடு வந்த சட்டைத்துணியில் மிச்சம் இருந்தால் கக்கத்துக்குள் சாய்சதுரத் துண்டு வைத்து அகட்டலாம். சுன்னாகத்துத் தம்பி செய்து தருவார்.

சுன்னாகம் தையற்கடை:

கொண்டுவாங்கோ தங்கச்சி, செய்யலாம். மாமி, நீங்கள் சொன்ன 2018 படங்களை இனிமேல் கடையில் காட்டுகிறேன்.

கொக்குவில் கிழக்கு:

நல்லூரடி, நீங்கள் எழுதினதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்குத் தையல் பழக்கிய ரீச்சர் இப்படித்தான் செய்வாராம். பஸ்ஸிலும் கோயிலிலும், பழக்கமில்லாதவர்களின் சட்டையையும் திருப்பிப் பார்ப்பாராம். பிள்ளைகள் ஒட்ட வெட்டினால் மெசினை நிற்பாட்டி, “இந்தச் சட்டை போடுற பிள்ளை வளராதோ?” என்று கேட்பாராம். எழுபத்தைந்து வயதுக்கு மேலிருக்கும். எங்கே இருக்கிறார் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை, தேடிக்கொண்டிருக்கிறார். உங்கள் கையைப் பிடித்தவரின் இடது பெருவிரல் நகம் பிளந்திருந்ததா? மெசின் ஊசி ஏறின நகம்.

நல்லூரடி:

நகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் கண்ணாடி போட்டிருந்தார், ஒரு பக்கக் கால் கழன்றுபோய்க் கறுத்தத் தையல் நூலால் சுற்றிக் கட்டியிருந்தது. அதை அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். இந்த வருடமும் தேரன்று அதே இடத்தில் நிற்பேன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்தப் புதினாச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வருவேன்.