பின்பக்கம் அம்மாவுக்கு தனி போர்ஷன் போடணும், பிளான் அப்ரூவல் வேணுமா?

மடிப்பாக்கம்_வாசி:
எங்களுக்கு மடிப்பாக்கத்துல ஒரு கிரவுண்டு, 40க்கு 60. அப்பா 1998ல கட்டின தரைத்தள வீடு, ரெண்டே பெட்ரூம், பசங்க வளந்துட்டாங்க. பின்னாடி 18 அடி சும்மா கிடக்கு, ஒரு கிணறும் முருங்கை மரமும்தான். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆயிருக்கு மாடி ஏற முடியாது, அதனால அங்கயே ஒரு ரூம், குட்டி கிச்சன், பாத்ரூம் போட்டுடலாம்னு பாக்கறேன். ஷீட் கூரை போட்டா அப்ரூவலே வேணாம் சார்ங்கறாரு மேஸ்திரி. நம்பலாமா?

சைட்_இன்ஜினியர்:
நம்பாதீங்க சார். ஷீட்டோ கான்கிரீட்டோ, சுவர் எழுப்பி கிச்சன், பாத்ரூம் வச்சா அது கட்டடம்தான். 2019ல வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள்ல எஃப்எஸ்ஐ, அதாவது மனை அளவப் போல எத்தன மடங்கு கட்டலாம்ங்கற கணக்கு, 2; முன்ன 1.5தான் இருந்துச்சு, ஆக 2400 சதுர அடி கிரவுண்டுக்கு 4800 சதுர அடி, பழைய வீட்டையும் சேத்து கணக்கு போட்டாலும் தாராளமா இருக்கு. உங்களுக்கு இடிக்கறது செட்பேக், அதாவது மனை எல்லைலேர்ந்து காலியா விட வேண்டிய இடம். பின்பக்கமும் ரெண்டு சைடும் விட வேண்டியத விட்டுட்டு, பழைய வீட்டு ஜன்னலுக்கு காத்து வர்ற இடமும் விட்டா, அந்த 18 அடில என்ன மிஞ்சுதுன்னு டேப் வச்சு அளந்து பாருங்க. 2024 ஜூலைல, விதிப்படிதான் கட்டறோம்னு நாமளே உறுதி குடுத்து ஆன்லைன்ல அனுமதி வாங்கற சுயசான்று திட்டம் வந்துச்சு, 2500 சதுர அடிக்குள்ள மனை, 3500க்குள்ள வீடு, தரைத்தளம் மட்டும், இல்லாட்டி தரைத்தளமும் ஒரு மாடியும். உங்களது பழைய வீட்டோட சேக்கற வேலைங்கறதால, ஆன்லைன்ல போடறதுக்கு முன்னாடி ரெஜிஸ்டர் பண்ண இன்ஜினியர்கிட்ட அப்பா வாங்கின பிளானை எடுத்துட்டுப் போங்க.

குரோம்பேட்டை_அக்கா:
தம்பி, எங்க வீட்டுலயும் இதே மாதிரி காம்பவுண்ட ஒட்டி மாமனாருக்கு ரூம் போட்டோம். பக்கத்து வீட்டுல பெட்டிஷன் போட்டு, நோட்டீஸ் வந்து, அலையா அலைஞ்சு கடைசில நாங்களே ஆள் வச்சு இடிச்சோம், அன்னைக்கு பூரா அவரு சாப்பிடவே இல்ல. இன்னொண்ணு, 2015ல மடிப்பாக்கத்துல தண்ணி நின்னது ஞாபகம் இருக்குல்ல? பின்பக்கம் தாழ்வா இருந்தா முதல்ல அங்கதான் ஏறும், முட்டி முடியாதவங்கள ராத்திரில எப்படி வெளில கொண்டு வருவீங்க? அம்மா முன் ரூம்லயே இருக்கட்டும், நீங்க மேல கட்டிட்டுப் போங்க.

மடிப்பாக்கம்_வாசி:
அக்கா, தண்ணிய நான் யோசிக்கவே இல்ல, 2015ல எங்க பின்வாசல்ல முழங்கால் அளவு நின்னுச்சு. சார், மேல கட்டினா அஸ்திவாரம் தாங்குமா?

சைட்_இன்ஜினியர்:
பில்லர் வீடா, சுவர் மேல நிக்கற வீடான்னு பாக்கணும். ஒரு மூலைல குழி தோண்டி ஃபுட்டிங், அதாவது அஸ்திவாரத்தோட அடிப்பாகத்தப் பாத்தா தெரிஞ்சிடும், பில்லர் இருந்தா அதுக்குள்ள இருக்கற கம்பியையும் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. மாடி ஏறினா சொத்து வரி கூடும், அதையும் பட்ஜெட்ல வச்சுக்கோங்க. மழைநீர் சேகரிப்பு 2003லேர்ந்தே கட்டாயம், மொட்டைமாடி தண்ணிய ஃபில்டர் வச்சு அந்தக் கிணத்துக்கே விடலாம், கிணத்த மட்டும் மூடிடாதீங்க சார்.