இஸ்தான்புல் கிராண்ட் பஜார், தனியா போறேன், எப்படி சுத்துறது?

நெல்லைப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். ஜெர்மனில மாஸ்டர்ஸ் படிக்கிறேன், செமஸ்டர் லீவுல வர்ற வியாழக்கிழமை இஸ்தான்புல் போறேன், நாலு நாள், சுல்தானஹ்மெத் பக்கம் ஹாஸ்டல் போட்டாச்சு. சின்ன வயசுலருந்து டவுன் ரதவீதில அம்மா கையைப் பிடிச்சு கடை கடையா ஏறி இறங்கினவ நான், அதனால எந்த ஊருக்குப் போனாலும் எனக்கு முதல்ல மார்க்கெட்தான். கிராண்ட் பஜாரை ஞாயித்துக்கிழமைக்கு வெச்சிருக்கேன். ஆனா வீடியோ எல்லாம் பாத்தா விலையை ஏத்திச் சொல்றாங்க, விடாம கூப்பிடுறாங்கனு பயமா இருக்கு, பர்சேஸுக்குன்னு கையில 60 யூரோதான். அம்மாவுக்கு குங்குமப்பூ வாங்கணும். போனவங்க யாராச்சும் சொல்லுங்களேன்.

கடல்தாண்டி:
தங்கச்சி, முதல்ல நாளை மாத்துங்க, ஞாயித்துக்கிழமை கிராண்ட் பஜார் லீவு! வெள்ளிக்கிழமையே போயிடுங்க. நான் அங்க ஒரு வருஷம் எக்ஸ்சேஞ்ச்ல படிச்சேன், வாரம் ஒரு தடவையாவது அந்தப் பக்கம் போவேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

டிராம்ல T1 லைன் பிடிச்சு பெயாசித் ஸ்டாப்ல இறங்குங்க. உள்ள நுழைஞ்சதும் வர்ற பெரிய தெரு கல்பாக்சிலார், ஒரு காலத்துல விலங்கு ரோமத்துல தொப்பி செய்யறவங்க தெரு, இப்ப ரெண்டு பக்கமும் தங்கம்தான், நம்மூர் நகைக்கடைத் தெரு மாதிரியே கண்ணு கூசும். அங்க நிக்காம நடுவுல இருக்கற பழைய கட்டடம், இச் பெதெஸ்தென், அங்க போங்க. 1453ல ஊரைப் பிடிச்ச கொஞ்ச வருஷத்துல சுல்தான் மெஹ்மெத் ஆரம்பிச்சு வெச்ச மார்க்கெட் இது, அந்தக் கட்டடத்தைச் சுத்தித்தான் இப்ப இருக்கற 60 சொச்சம் தெருவும் வளர்ந்துச்சு. உள்ள பழைய வெள்ளி, செம்புப் பாத்திரம், கடிகாரம்னு இருக்கும், வாங்கவே வேணாம், பாத்தாலே போதும். வழி தப்பும், தப்பட்டும், எந்தப் பக்கம் நடந்தாலும் ஏதோ ஒரு வாசல் வந்துடும்.

கூப்பிடுவாங்க, ஆமா. சிரிச்சிட்டு நடந்துட்டே இருங்க, பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்ல. கடைக்குள்ள டீ குடுத்தா குடிக்கலாம், குடிச்சதுக்காக வாங்கியே ஆகணும்னு நினைக்காதீங்க, அது அவங்க பழக்கம். விலை கேக்க "நே கதார்". விளக்கு, கம்பளம், தோல் சாமான்னா பேரம் பேசாம வாங்கவே கூடாது.

அப்புறம் முக்கியமான விஷயம், திரும்ப டிராம் ஏறாதீங்க. மஹ்முத்பாஷா இறக்கத்துல கீழ நடங்க. டூரிஸ்ட் கூட்டம் குறைஞ்சு அந்த ஊர்ப் பொம்பளைங்க கல்யாணத் துணி, பிள்ளைங்க டிரெஸ், திரைச்சீலைனு அள்ளிட்டுப் போறதைப் பாப்பீங்க, எனக்கு பஜாரை விட இந்த இறக்கம்தான் உசிரு. அது எமினோனுல மசாலா பஜார்கிட்ட கொண்டுவந்து விடும். அதுக்குப் பேரு மிசிர் சார்ஷிசி, 1660கள்ல எகிப்து வரிப்பணத்துல கட்டினதால எகிப்து பஜார்னு அர்த்தம்.

மல்லிக்காபி:
குங்குமப்பூ விஷயத்துல ஜாக்கிரதை அக்கா. போன வருஷம் நான் ஒரு கடைல மலிவா கிடைச்சுதுனு ஒரு டப்பா வாங்கிட்டு வந்தேன், வீட்ல பாட்டி பால்ல போட்டதும் உடனே கலர் இறங்கிடுச்சு, வாசனையே இல்ல, அப்புறம்தான் தெரிஞ்சுது அது குசும்பப்பூ இதழ். பாட்டி ஒண்ணும் சொல்லல, ஆனா எனக்கு இன்னைக்கும் மனசு கேக்கல. நிஜப் பூன்னா இழை நுனி கொஞ்சம் விரிஞ்சு இருக்கும், தண்ணில மெதுவா மஞ்சள் விடும், இழை மட்டும் சிவப்பாவே நிக்கும். குவியல் குவியலா சல்லிசா விக்கறாங்கன்னா அது பூவே இல்ல. 60 யூரோல அதுக்குப் போகாதீங்க, காஞ்ச அத்திப்பழம், மலாத்யா ஊர் ஆப்ரிகாட், சுமாக்னு ஒரு பொடி வாங்குங்க. சுமாக் புளிப்பா இருக்கும், வெங்காயத்துல தூவினா அவ்ளோ ருசி.

தெருசுத்தி:
நான் ஒரு படி மேல போறேன், தின்பண்டம் எதையுமே மசாலா பஜார் உள்ள வாங்காதீங்க. எமினோனுலருந்து கப்பல்ல 20 நிமிஷம், கதிக்கோய் இறங்கினா ஊர்க்காரங்க வாங்குற மார்க்கெட், மீன், ஆலிவ், சீஸ், எல்லாத்துலயும் விலை எழுதியே இருக்கும், பேரமே வேணாம். கப்பல்ல டீயும், சிமித்னு எள்ளு தூவின வளைய ரொட்டியும் வாங்கி ஒரு துண்டைக் கடல்புறாவுக்குப் போடுங்க. காபித்தூள் மட்டும் மசாலா பஜார் வெளிய தஹ்மிஸ் தெருவுல, 1871லருந்து இருக்கற மெஹ்மெத் எஃபெந்தி கடை, கியூ நிக்கும், ஆனா சீக்கிரம் நகரும்.

நெல்லைப்பொண்ணு:
ரொம்ப ரொம்ப நன்றி!! ஞாயித்துக்கிழமை போய் மூடின கதவைப் பாத்து நின்னிருப்பேன். வெள்ளிக்கு பஜார், மஹ்முத்பாஷா, சனி கதிக்கோய்னு மாத்திட்டேன். அம்மாகிட்ட இப்பதான் போன்ல சொன்னேன், பூ வேணாம், அத்திப்பழம் போதும், நீ வழி தப்பாம வான்னாங்க. வெள்ளி எத்தனை மணிக்குப் போனா நல்லது?

கடல்தாண்டி:
காலைல 10க்கெல்லாம் உள்ள இருங்க. மதியம் ஜும்மா தொழுகை நேரத்துல சில கடைல ஆளிருக்க மாட்டாங்க, அந்த நேரத்துல இறக்கத்துல இறங்க ஆரம்பிச்சா சரியா இருக்கும். ஷூ போட்டுக்கோங்க, கல் ரோடு.