தொலைநோக்கி மெரிடியனை (உச்சிவழியே போகும் வடக்கு-தெற்குக் கோட்டை) தாண்டினால் ஒரு பாகைக்கு மேல் விலகுகிறது: என்ன காரணம்?

மாடிவானம்:
வணக்கம், உதவி தேவை. இடம் கொழும்பு வெள்ளவத்தை, மொட்டை மாடி. ஜெர்மன் ஈக்குவட்டோரியல் மவுன்ட் (ஓர் அச்சைத் துருவத்தை நோக்கி வைக்கும் தாங்கி), 80 மி.மீ. ரிஃப்ராக்டர் தொலைநோக்கி, சின்ன சென்சர் கமெரா. லப்டொப்பில் ஈக்யூமொட் (மவுன்டை ஓட்ட), நினா (படமெடுக்க), ஸ்டெலேரியம் (வான வரைபடம்). ப்ளேட் சோல்விங்குக்கு, அதாவது படத்தில் விழுந்த நட்சத்திரங்களை வைத்துத் தொலைநோக்கி எங்கே பார்க்கிறது என்று கண்டுபிடிக்க, அஸ்டாப்.

இரவு பத்து மணிபோல கிழக்கில் சுவாதியில் சிங்க் பண்ணுகிறேன் (நீ பார்ப்பது இதைத்தான் என்று மவுன்டுக்குச் சொல்வது). அதற்குப் பிறகு கிழக்குப் பக்கம் எங்கே அனுப்பினாலும், கொஞ்சம் அங்குமிங்கும் இருந்தாலும், படத்துக்குள் விழும். மவுன்ட் புரண்டு (குழாயை மறுபக்கத்துக்கு மாற்றி) மேற்கே மகத்துக்குப் போனால் நட்சத்திரத்தையே காணோம். சோல்வ் பண்ணினால் ஒரு பாகைக்கு மேல் விலகல். சரி என்று மகத்தில் சிங்க் பண்ணினால் இப்போது கிழக்கு கெட்டுப்போகிறது. துருவ நட்சத்திரம் இங்கே தெரிவதில்லை, போன் கொம்பசை வைத்துத்தான் வடக்குப் பார்த்தேன். மென்பொருளில் எதையாவது மாற்ற வேண்டுமா?

நேரக்காரன்:
முதலில் நேரவலயத்தைப் பாருங்கள். நம் நாட்டில் 1996 மே மாதம் +6:30 ஆக்கினார்கள், ஒக்டோபரில் +6:00, 2006 ஏப்ரலில்தான் திரும்பவும் +5:30. பழைய நகரப் பட்டியலோடு ஏதாவது மென்பொருள் கிடந்தால் கொழும்புக்கு +6 எடுக்கும். அரை மணித்தியாலம் பிசகினால் 7.5 பாகை போச்சு. நெட்டாங்கு 79.86 கிழக்கு என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், மேற்கு என்று விட்டவர்கள் உண்டு.

மாடிவானம்:
பார்த்தேன் அண்ணா. மூன்றிலும் +5:30, கிழக்கு.

துருவம்7:
நேரத்தைப் பார்த்தது நல்லது, ஆனால் உங்கள் நோய் அது இல்லை. நேரம் பிசகினால் வானம் முழுக்க ஆர்.ஏ.யில் (வானத்தின் கிழக்கு-மேற்கு அளவில்) ஒரே அளவு நகரும். முதல் சிங்கோடு அது கழிந்துவிடும். பிறகு மிஞ்சுவது, மவுன்ட் தவறான இடத்தை மெரிடியன் என்று நினைத்துப் புரள்வது மட்டும்தான்.

யாராவது ஜே2000 (2000ஆம் ஆண்டுக்கான நட்சத்திர இடங்கள்) என்று வருமுன் அதையும் சொல்லிவிடுகிறேன். அயனச் சலனம் (பூமி அச்சின் மெதுவான சுழற்சி) வருடத்துக்கு 50.3 வில் விநாடி, 25 வருடத்தில் 21 வில் நிமிடம் (60 வில் நிமிடம் ஒரு பாகை). ஆனால் சுவாதிக்கும் மகத்துக்கும் அந்த நகர்வு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு பாகை வித்தியாசம் அதிலிருந்து வர வழியில்லை.

தம்பி, அமைப்புகளை நோண்டுவதை நிறுத்திவிட்டு பிழையின் உருவத்தைப் பாருங்கள். "ஒரு பாகை" என்பது போதாது; ஆர்.ஏ.யில் எவ்வளவு, டெக்கில் (வடக்கு-தெற்கு அளவில்) எவ்வளவு, எந்தப் பக்கத்தில்? ஈக்யூமொட்டில் சேர்ந்து கிடக்கும் சிங்க் புள்ளிகள் எல்லாவற்றையும் அழியுங்கள், 'அப்பென்ட் ஒன் சிங்க்' என்றிருந்தால் 'டயலொக் பேஸ்ட்' ஆக்குங்கள். இல்லாவிட்டால் பழைய புள்ளிகளை வைத்து அது தன்பாட்டில் திருத்தம் போடும், நீங்கள் அளப்பது மவுன்டை அல்ல, அந்தத் திருத்தத்தை. பிறகு கிழக்கில் ஒரே ஒரு சிங்க். அதன்பின் வான நடுக்கோட்டுக்கு (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே உள்ள கோடு) கிட்ட உள்ள இடங்களுக்குப் போய் சோல்வ் மட்டும், சிங்க் வேண்டாம்.

ஏன் நடுக்கோடு? துருவ அச்சு பிசகினால் வரும் ஆர்.ஏ. பிழை அங்கே கிட்டத்தட்ட பூச்சியம். டெக்கில் மட்டும் தெரியும், அதுவும் புரளுகிற இடத்தில் பாயாமல் கிழக்கிலிருந்து மேற்குவரை மெதுவாக மாறும். குழாய் டெக் அச்சுக்குச் செங்குத்தாக இல்லாவிட்டால், அதாவது கோன் எரர், ஆர்.ஏ.யில் புரளும்போது மட்டும் ஒரு பாய்ச்சல் வரும். இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். கொழும்பு 6.9 பாகை வடக்கு, நடுக்கோடு கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே போகிறது. துருவம் பார்க்க மோசமான ஊர், இந்தச் சோதனைக்கு அருமையான ஊர்.

பம்பலப்பிட்டிவாசி:
கொங்கிறீட் தட்டில் கம்பி ஓடுகிறது, கொம்பசை நம்பாதீர்கள். துருவ நட்சத்திரம் இங்கே 7 பாகை உயரம், கட்டடமும் கடல் புழுதியும் மறைத்துவிடும். நினாவுக்கு 'த்ரீ பொயின்ட் போலர் அலைன்மென்ட்' பிளகின் இருக்கிறது; வடக்கே தெரியாமலேயே வேலை செய்யும். இன்னொன்று, இந்த அளவுக்கு அச்சைப் படுக்கவைத்தால் எதிரெடைத் தண்டு வடக்குக் காலில் இடிக்கும். முக்காலியைத் திருப்பி ஒரு காலைத் தெற்கே வைத்தேன், பிரச்சினை தீர்ந்தது.

மாடிவானம்:
செய்து பார்த்தேன். புரளாமல் கிழக்குப் பக்கம் நிற்கும்வரை ஆர்.ஏ. பிழை 3 வில் நிமிடத்துக்குள். புரண்டதும் 72. திரும்பக் கிழக்கே வந்தால் பழையபடி. டெக் பிழை சுவாதியிலிருந்து மகம்வரை மெதுவாக ஏறி 40 ஆகிறது.

துருவம்7:
அப்போ இரண்டு நோய். டெக்கில் வருவது அசிமுத், அதாவது அச்சின் கிடைத்திசைப் பிழை. அச்சு ஏறத்தாழ 40 வில் நிமிடம் கிழக்கிலோ மேற்கிலோ திரும்பி நிற்கிறது. மெரிடியனுக்குக் கிட்ட ஒரு நட்சத்திரத்தை வழிகாட்டல் இல்லாமல் விட்டுப் பாருங்கள், நிமிடத்துக்கு 10 வில் விநாடிபோல டெக்கில் வழுகும். அதற்குப் பம்பலப்பிட்டிக்காரர் சொன்ன பிளகின் போதும்.

72 கோன் எரர். பாய்ச்சல் எப்போதும் இரட்டிப்பாகத் தெரியும், உண்மை 36, அதாவது 0.6 பாகை. குழாயைப் பிடிக்கும் இரண்டு வளையத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம்?

மாடிவானம்:
20 செ.மீ.

துருவம்7:
200 மி.மீ.ஐ 57.3ஆல் பிரித்து 0.6ஆல் பெருக்கினால் 2.1 மி.மீ. ஒரு வளையத்துக்கும் டவ்டெயிலுக்கும் (மவுன்டில் பூட்டும் தட்டு) இடையே 2 மி.மீ. வாஷர் வையுங்கள். எந்த வளையம் என்று தலையை உடைக்க வேண்டாம், வைத்துவிட்டுப் பாய்ச்சலை அளந்தால் தெரிந்துவிடும்.

மாடிவானம்:
பஞ்சிகாவத்தையில் வாஷர் வாங்கிப் போட்டேன். முன் வளையத்தில் பாய்ச்சல் கூடியது, பின் வளையத்துக்கு மாற்றினேன்: 72 இருந்த இடத்தில் 5. பிளகினால் துருவமும் சரி, டெக் இப்போது 4. மிச்சத்துக்கு நிறையப் புள்ளி எடுத்துப் பிழைத் திருத்த மொடல் கட்டவா?

துருவம்7:
வேண்டாம். மொடல் நிரந்தரத் தூணில் நிற்கும் தொலைநோக்கிக்கு. நீங்கள் ஒவ்வொரு இரவும் கழற்றிப் பூட்டுகிறீர்கள், அடுத்த நாளே அது பொய்யாகிவிடும். நினாவின் 'ஸ்லூ அன்ட் சென்டர்' (போய், சோல்வ் பண்ணி, நடுவுக்குக் கொண்டுவருவது) 5 வில் நிமிடத்தை ஒரே சோல்வில் முடிக்கும். குழாயைக் கழற்றும்போது எந்த வளையத்தில் வாஷர் என்று மார்க்கரால் அடையாளம் போடுங்கள். மாறிப் பூட்டினால் முதலில் இருந்ததைவிட இரண்டு மடங்கு வரும்.