பக்கத்து வீடு கூடின விலைக்குப் போனால் எங்கட வீட்டு வரியும் ஏறுமோ?

கேள்வி: ரொறன்ரோ ஸ்காபுறோவில வீடு வாங்கி மூண்டு மாதம். பக்கத்து வீடு எங்கடயைவிட ஒரு லட்சம் டொலர் கூடின விலைக்குப் போயிருக்கு. இனி எங்களுக்கும் வரி ஏறும் எண்டு மனுசி பயப்பிடுறா.

பதில்: தம்பி, அதால ஏறாது. ஒன்ராறியோ மாகாணத்தில வீட்டுக்கு மதிப்புப் போடுறது எம்பாக் (MPAC) எண்ட நிறுவனம். அவை இப்பவும் 2016 ஜனவரி 1 விலையைத்தான் வைச்சிருக்கினம். 2020இல வரவிருந்த மறுமதிப்பீடு கொரோனாவோட நிண்டு, பிறகு தள்ளித் தள்ளியே போகுது.

வரியை ஏத்துறது சிற்றி ஹோலில, அதாவது நகரசபையில, போடுற பட்ஜெட். ஊர்க் கோயில் திருவிழாவுக்கு முதல்ல செலவைக் கணக்குப் பாத்து, பிறகுதானே வீட்டுக்கு வீடு பங்கு பிரிக்கிறவை? இதுவும் அப்பிடித்தான். ஆண்டுச் செலவில பஸ் காசு, கட்டணங்கள், மாகாணம் தாற காசு எல்லாத்தையும் கழிச்சு, மிச்சத்தை மதிப்புகளுக்கு மேல பிரிச்சால் வாறதுதான் வரி வீதம். எல்லாற்ற வீட்டு மதிப்பும் ரெட்டிப்பானால் வீதம் பாதியாகும்; நீங்கள் கட்டுற காசு அதேதான். மற்றவையின்ர வீட்டு மதிப்பைவிட உங்கட வீட்டு மதிப்பு கூடுதலா ஏறினால் மட்டும் உங்கட பங்கு கூடும்.

அன்றாடச் செலவுக்குத் துண்டு விழுற பட்ஜெட் போட நகரசபைக்குச் சட்டம் விடாது. வருமானம் குறைஞ்சால் சேவையை வெட்டோணும், சேமிப்பில கை வைக்கோணும், இல்லாட்டி வரியை ஏத்தோணும். வீடு உங்கட பேருக்கு மாறின நாள், குளோசிங்கில, நிலமாற்ற வரியை மாகாணத்துக்கு ஒருக்கா, சிற்றிக்கு ஒருக்கா எண்டு கட்டினது ஞாபகம் இருக்கும் (எனக்கு இண்டைக்கும் வயிறு எரியுது). சிற்றி அதை 2008இல இருந்து வாங்குது. வீட்டு விற்பனை படுத்தால் அந்த வருமானமும் படுக்கும். பாரம் வீட்டு வரியில வந்து விழும். ரொறன்ரோவில 2024இல 9.5 வீதம், 2025இல 6.9 வீதம் ஏத்தினவை. ரெண்டிலயும் 1.5 வீதம் போக்குவரத்துக்கும் வீட்டுத் திட்டங்களுக்கும் எண்டு ஒதுக்கினது. வரிக்காசில பெரிய பங்கு பொலிசுக்குப் போகுது.

கல்வி வரி மட்டும் மாகாணம் வைக்கிறது. 0.153 வீதம், அதாவது 5 லட்ச மதிப்புக்கு 765 டொலர். அதுக்காகக் கவுன்சிலரோட சண்டை பிடிச்சுப் பிரயோசனம் இல்லை. மற்றதுக்குப் பிடிக்கலாம். ரொறன்ரோ பட்ஜெட் தை, மாசியில நடக்குது, பொதுமக்களும் போய்ப் பேசலாம். எங்கட ஆக்கள் பில் வந்தாப் பிறகுதான் கத்துவினம்.

கேள்வி: அண்ணை, நாங்கள் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில ஏஜக்ஸில புது வீடு. பில் ஆச்சரியமாக் குறைவா வந்திருக்கு?

பதில்: சந்தோசப்படாதையுங்கோ தங்கச்சி. அது வெறும் காணிக்கு வந்த பில்லா இருக்கும். எம்பாக் கட்டிடத்தையும் சேர்த்து மதிப்புப் போட்டாப் பிறகு, நீங்கள் குடிவந்த நாளில இருந்து கணக்குப் பாத்து மிச்சத்தைக் கேப்பினம். நடப்பு ஆண்டோட அதுக்கு முந்தின ரெண்டு ஆண்டுக்கும் பின்னோக்கிக் கேக்கலாம். எனக்கு அப்பிடி ஒரு கடிதம் வந்த மாதம் ஊருக்குப் போக எடுத்து வைச்ச காசு முழுக்கப் போட்டுது. அதே தெருவில இருக்கிற பழைய வீட்டுக்காரரிட்ட அவை எவ்வளவு கட்டுகினம் எண்டு கேட்டு, மாதாமாதம் அந்த வித்தியாசத்தைத் தனிக் கணக்கில போடுங்கோ. மதிப்புக் கடிதம் வந்தால் சதுர அடியைச் சரி பாருங்கோ. பிழையெண்டால் 120 நாளுக்குள்ள மறுபரிசீலனை கேக்கலாம், அதுக்குக் கட்டணம் இல்லை.